மியாகோ தீவுக் கடற்கரைகள்: காற்றையும் ஓதத்தையும் பார்த்துப் பயண நாளை வகுக்கும் முறை

ஜப்பானின் ஓகினாவா மாகாணத்தில், நாஹா நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி மியாகோ தீவு இருக்கிறது. இகேமா, குரிமா, இராபு, ஷிமோஜி ஆகிய நான்கு தீவுகளும் அதனோடு பாலங்களால் இணைந்துள்ளதால், ஒரு கார் இருந்தால் ஐந்தையும் சுற்றிவிடலாம். இவ்வளவு வசதி இருந்தும், முதல் முறை வருகிறவர்கள் மூன்று நாளில் இரண்டு நாளை வீணாக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, வானிலையைக் கடைசியில் பார்ப்பதுதான் காரணம்.

வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் காற்று, அடுத்து ஓதம் (கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்), அதன் பிறகே இடம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

கடலில் இறங்குவதுதான் நோக்கம் என்றால் ஏப்ரல், ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை, அக்டோபர் ஆகிய காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மே மாத முற்பாதியில் தொடங்கும் மழைக்காலம் பெரும்பாலும் ஜூன் இறுதிக்குள் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்த கையோடு தென்காற்று நிலைத்து, வானம் வெளுத்து, கடல் தெளியும் அந்த இரண்டு மூன்று வாரங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தண்ணீர் இதமாக இருக்கும். ஆனால் அவை சூறாவளி மாதங்கள். 1966 செப்டம்பரில் இத்தீவில் நொடிக்கு 85.3 மீட்டர் வேகத்தில் காற்று பதிவானது என்பதைச் சொன்னால், உள்ளூர்க்காரர்கள் ஏன் வானிலை அறிவிப்பை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது புரியும். இந்த மாதங்களில் வருவதாக இருந்தால் திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக வைத்து, தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டையே வாங்குங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றும் மேகமூட்டமும் இருக்கும். கடல் நீர் 22 டிகிரியை ஒட்டி இருப்பதால் தடித்த நீச்சலுடை அணிந்து இறங்க முடியும். ஆனால் படங்களில் பார்த்த நீலத்தை அந்த மாதங்களில் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஏப்ரல் நடுவில் தீவில் பெரிய டிரையத்லான் போட்டி நடக்கும். அந்த ஞாயிறன்று சாலைகள் பல மணி நேரம் மூடப்படும். அதை ஒட்டிய நாள்களில் அறையும் காரும் கிடைப்பது கடினம். தேதியைச் சரிபார்த்து அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. தீவில் பேருந்துகள் மிகக் குறைவு. அவற்றை நம்பி கடற்கரைகளைச் சுற்ற முடியாது. ஜப்பான் ஏற்பது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அனுமதியை மட்டுமே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் வழங்கும் அனுமதி அந்த வகையைச் சேர்ந்தது. ஊரில் இருக்கும்போதே வாங்கி, அசல் புத்தகத்தையும், சொந்த உரிமத்தையும், கடவுச்சீட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டினால் கார் தரமாட்டார்கள்.

இரண்டாவது, விமான நிலையத்தின் பெயர். இங்கே மியாகோ, ஷிமோஜி என்று இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. இடையே கடலும் ஒரு நீண்ட பாலமும் இருக்கின்றன. முதல் பயணத்தில் நான் ஷிமோஜியில் இறங்கினேன். காரை மற்ற விமான நிலையத்துக் கிளையில் பதிவு செய்திருந்தேன். டாக்சிக்குக் காத்திருந்ததிலும், பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்ததிலும் அரை நாள் போயிற்று. சீட்டை வாங்கிய பிறகே காரைப் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இருமுறை பாருங்கள்.

மூன்றாவது, கடலுக்கான பொருள்கள். முழங்கை மறையும் நீச்சல் சட்டை, அடி தடித்த கடல் காலணி, முகத்துக்குச் சரியாகப் பொருந்தும், மூச்சுவிடும் குழாயோடு கூடிய நீச்சல் கண்ணாடி ஆகியவை சொந்தமாக இருப்பது நல்லது. உயிர்காப்பு அங்கியைத் தீவில் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு பாட்டில் வினிகரை இங்குள்ள பல்பொருள் அங்காடியில் வாங்கிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயனை ஏழாம் படியில் சொல்கிறேன்.

சைவம் மட்டும் உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மியாகோ சோபா என்னும் நூடுல்ஸ் கடைகள் எங்கும் இருக்கும். மேலே வெறும் நூடுல்ஸ் மட்டும் தெரிந்தாலும் இறைச்சியை அடியில் வைத்துப் பரிமாறும் வழக்கம் உண்டு; குழம்புநீரும் பன்றி எலும்பிலும் மீனிலும் காய்ச்சியதே. சமையலறையோடு கூடிய தங்குமிடத்தை எடுத்து, ஊரிலிருந்து பொடி வகைகளைக் கொண்டுவருவதே நிம்மதி.

3. முந்தைய இரவு காற்றைப் பாருங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் அடுத்தவற்றால் பயனில்லை. மியாகோ தட்டையான சுண்ணாம்புக்கல் தீவு. அதன் மிக உயரமான இடமே 115 மீட்டர் அளவில்தான். மலையின் மறைப்பு இல்லாததால், காற்று வீசும் திசைக்கு முகம் காட்டும் கடற்கரை முழுவதும் அலையடிக்கும். எதிர்ப்புறக் கரை அதே நேரத்தில் அமைதியாக இருக்கும்.

ஒரு பிப்ரவரிக் காலையில் தீவின் வடமேற்கே உள்ள சுனாயாமா கடற்கரைக்குப் போனோம். மணல்மேட்டில் ஏறியதுமே மணல் பறந்து வந்து கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தியது. கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. அங்கிருந்து காரில் அரை மணிக்குள் தென்மேற்கே உள்ள யோனஹா மாயேஹாமாவுக்கு வந்தால், தண்ணீர் கண்ணாடித் தகடுபோல் கிடந்தது. மணல் அடியில் வகுந்திருந்த அலைவரிகள்கூடத் தெரிந்தன.

ஆகவே இரவில் மறுநாள் காற்றின் திசையை எழுதி வைத்து, கீழ்க்கண்டவாறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாடை வீசினால் யோனஹா மாயேஹாமா, தென்கரையில் உள்ள இம்கியா குடா, இராபுவின் தொகுச்சி மணற்கரை. தென்காற்று வீசினால் சுனாயாமாவும், ஷிமோஜியின் வடமுனையும். கிழக்குக் காற்று பலத்தால் யோஷினோ, அரகுசுகு ஆகிய கிழக்குக் கரைகளை விட்டுவிட்டு மேற்கே போங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. வானிலை அறிவிப்பில் வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. வரைபடத்தின் அம்புக்குறி தெற்கே பார்த்திருப்பதைக் கண்டு பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்து, ஜப்பானில் காற்றின் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தரப்படும். 8 என்ற எண்ணைப் பார்த்து மெல்லிய காற்று என்று எண்ணிவிடாதீர்கள். அது மணிக்கு 29 கிலோமீட்டர் அளவு. எண் 5-க்குள் இருந்தால் தாராளமாக நீந்தலாம். 8-ஐத் தாண்டினால் மறைவான கரையைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம் என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே அதன் பெருஅலை தீவை வந்தடைந்துவிடும். வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, ஆனால் பாறை விளிம்பில் வெள்ளை நுரை எழும். அன்று அலை உயர முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

4. ஓத அட்டவணையைப் படியுங்கள்

ஜப்பான் வானிலை முகமையின் ஓத அட்டவணையில் மியாகோவின் துறைமுக நகரான ஹிராராவுக்கு நேரங்கள் கிடைக்கும். நாளொன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அவற்றில் பகலில் வருவனவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

நம் வீட்டுத் தினசரிக் காலண்டரும் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதத்தின் வீச்சு பெரிது. அந்த நாள்களில் இங்கே பகல் வற்று ஏறத்தாழ ஒரு மணி, இரண்டு மணியளவில் வரும். அரைநிலா நாள்களில் வீச்சு சிறிது. நண்பகலுக்குப் பிறகு ஏற்றம் இருக்கும். எனவே மணல்திட்டுகளையும் வற்றும்போது மட்டும் தெரியும் இடங்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும், பவளப்பாறைகளின்மேல் மிதந்து மீன் பார்க்க விரும்புகிறவர்கள் அரைநிலாவை ஒட்டியும் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

வசந்தத்திலும் கோடையிலும் பகல் வற்று ஆழமாக இருக்கும். குளிர்காலத்தில் ஆழமான வற்று இரவில்தான் வரும். ஜனவரியில் பகலில் மணல்திட்டைத் தேடிப் போய், இல்லையென்று திரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

5. வற்றுநேர இடம்: 17 எண்ட்

ஷிமோஜி விமான நிலைய ஓடுபாதையின் வடமுனைக்குத்தான் 17 எண்ட் என்று பெயர். ஓடுபாதையின் அந்த முனைக்கு 17 என்ற எண் இடப்பட்டிருப்பதால் வந்த பெயர் அது. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே கூடினால்தான் இந்த இடம் முழுமையாகக் கிடைக்கும். அதனால்தான் ஏமாறுகிறவர்கள் இங்கே அதிகம்.

முதல் நிபந்தனை வற்று. கடல் ஏறியிருக்கும்போது கான்கிரீட் கரையும் தண்ணீரும் மட்டுமே இருக்கும். வெள்ளை மணல் வற்றும்போதுதான் வெளியே வரும். வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய்ச் சேருங்கள். இரண்டாவது, வெயில். மியாகோ மேற்கே தள்ளி இருந்தும் ஜப்பானியப் பொது நேரத்தையே பின்பற்றுவதால், சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.40 மணிக்கு. பதினொன்றிலிருந்து இரண்டு வரை கடலின் நிறம் மிகத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, காற்றின் திசை. விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கும். தென்காற்று வீசும் நாளில் அவை வடக்கிலிருந்து வந்து, நீங்கள் நிற்கும் இடத்தின்மேல் தாழப் பறந்து இறங்கும். சக்கரங்களின் நிழல் மணலில் ஓடுவதைக்கூடக் காணலாம். வாடை நாளில் இறங்கும் விமானங்கள் மறுமுனைக்குப் போய்விடும். விமானத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அன்றைய வருகை நேரங்களோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

முனையைச் சுற்றியுள்ள சாலையில் கார்களுக்கு அனுமதி இல்லை. தடுப்புக்கு முன்பே நிறுத்திவிட்டு வெயிலில் நடக்க வேண்டும். நிழலோ, கடையோ, கழிப்பறையோ வழியில் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையின் சரிவுக் கான்கிரீட்டில் பாசி படிந்த பகுதி மிகவும் வழுக்கும். இறங்கும்போது கையில் கைப்பேசி வேண்டாம்.

6. ஏற்றநேர இடம்: யோஷினோ, அரகுசுகு

கரையிலிருந்தே பவளப்பாறைகளைப் பார்க்கத் தீவின் கிழக்கே உள்ள இந்த இரண்டு கடற்கரைகளும் ஏற்றவை. மியாகோவில் பெயர் சொல்லும்படியான ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லில் ஊறி நிலத்தடிக்குப் போய்விடுகிறது. வண்டல் கடலில் கலக்காததால்தான் இந்தத் தெளிவு.

இறங்க வேண்டிய நேரம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பிருந்து ஏற்றம் வரை. ஆழமான வற்றில் சில இடங்களில் பாறைக்கு மேல் முழங்கால் அளவுத் தண்ணீரே நிற்கும். அப்படியொரு நேரத்தில் யோஷினோவில் இறங்கிய ஓர் இளம் தம்பதி, நீந்தவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் பவளத்தின்மேல் எழுந்து நின்றதைப் பார்த்தேன். கணவரின் இரு முழங்கால்களிலும் தோல் உரிந்து இரத்தம் வந்தது. காலடியில் மான்கொம்புபோல் கிளைத்திருந்த பவளம் நொறுங்கிக் கிடந்தது. அது மீண்டும் அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கடல் வற்றத் தொடங்கியதும் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. பாறைத்திட்டுக்கு உள்ளே தேங்கிய தண்ணீர், திட்டில் உள்ள இடைவெளிகள் வழியாக வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். மேலே அலை இல்லாமல், சுற்றிலும் உள்ளதைவிடச் சற்று ஆழ்ந்த நீலமாகத் தெரியும் வாய்க்கால்தான் அந்த வழி. நீச்சல் தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் போய் இறங்குகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். மிதக்க முடிந்தவரை ஆபத்து குறைவு. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இறங்கும் முன் கரையில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளமாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து பாருங்கள். அது இடம் மாறியிருந்தால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள். தனியாக இறங்காதீர்கள், கரையில் ஒருவர் கைப்பேசியோடு இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் எண் 118, ஆம்புலன்ஸ் 119.

ஆமை வந்தால் கையையும் காலையும் ஆட்டாமல் மிதந்து நில்லுங்கள். அதுவாகவே அருகில் மேயும். துரத்தினால் மூச்சுக்கு மேலே வரத் தயங்கும். சிறு குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் இந்தப் படியை இம்கியா குடாவில் செய்து பாருங்கள். பாறைகள் சூழ்ந்த அந்த நீர்ப்பரப்பு பெரும்பாலான நாள்களில் குளம்போல் இருக்கும்.

7. கொட்டும் உயிர்களும் முதலுதவியும்

ஹாபு குராகே என்னும் பெட்டி ஜெல்லி மீன் ஜூன் முதல் அக்டோபர் வரை ஆழமற்ற கரைகளிலேயே திரியும். உடல் கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கொட்டினால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டிய இழைகளை மெல்ல எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் நீல நிறக் காற்றுப்பையோடு மிதக்கும் போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்னும் ஜெல்லி போன்ற உயிரி கொட்டினால் வினிகர் கூடாது. கடல்நீரால் மட்டும் கழுவ வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான பிழை.

கல்மீன் முள் குத்தினால், தோல் வெந்துவிடாத அளவுக்கு, 40 முதல் 45 டிகிரி வரையிலான வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்திக்கொண்டே உதவி தேடுங்கள். அழகாக இருக்கிறதென்று கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். அதன் கொட்டு உயிரைப் பறிக்கக்கூடியது.

உயிருள்ள பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். சங்கு, ஆக்டோபஸ், மொசுகு என்னும் பாசி ஆகியவற்றின்மேல் உள்ளூர் மீனவர்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

8. சாலையில் கவனிக்க வேண்டியவை

இங்கும் நம் ஊரைப்போல் இடப்பக்கமே ஓட்ட வேண்டும் என்பதால் தொடக்கம் எளிது. சிக்கல் கரும்புத் தோட்டங்களுக்கு இடையில் வருகிறது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு குறுக்குச் சாலையை முழுதாக மறைத்துவிடும்; சமிக்ஞை விளக்கும் இருக்காது. நிறுத்தக் கோடு கண்ட இடத்தில் சக்கரம் முற்றிலும் நின்ற பிறகே நகருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை லாரிகள் மெதுவாகப் போகும், முந்த முயலாதீர்கள்.

ஓகினாவாச் சாலைகளின் தாரில் பவளச் சுண்ணாம்புக்கல் கலந்திருப்பதால், மழையில் நனைந்ததும் எதிர்பாராத அளவுக்கு வழுக்கும். சாலையோரங்களில் வெள்ளை முகத்தோடு நிற்கும் மாமோரு என்னும் காவலர் பொம்மைகளைப் பார்ப்பீர்கள். அவை நிற்கும் சந்திப்புகளில் வேகத்தைக் குறைப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது.

3,540 மீட்டர் நீளமுள்ள இராபு பாலம் 2015 ஜனவரியில் திறக்கப்பட்டது; கட்டணம் இல்லை. படம் எடுப்பதற்காக அதன் நடுவில் காரை நிறுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. இரு கரைகளிலும் உள்ள நிறுத்துமிடங்களைப் பயன்படுத்துங்கள். 1,690 மீட்டர் குரிமா பாலமும் 1,425 மீட்டர் இகேமா பாலமும் அப்படியே.

9. கடலில் இறங்க முடியாத நாளுக்கான இடங்கள்

காற்று எல்லாப் பக்கமும் பலமாக இருந்தால் தென்கிழக்கு முனையான ஹிகாஷி ஹென்னாசாகிக்குப் போங்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த நிலமுனையின் நுனியில், உள்ளே ஏறிப் பார்க்க அனுமதிக்கப்படும் கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஏப்ரலில் வெள்ளை லில்லி மலர்கள் புல்லெங்கும் பூத்திருக்கும். ஹிராராவிலிருந்து காரில் நாற்பது நிமிடம் ஆகும். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஏழரை மணியை ஒட்டியே உதிக்கும்.

ஷிமோஜியில் அடியில் கடலோடு இணைந்த இரட்டைக் குளமான தோரி இகேயை மரப்பாதையில் நின்று பார்க்கலாம். சுனாயாமாவின் கல்வளைவில் கல் உதிர்வதால் அதன் கீழே போகத் தடை உள்ளது, வேலியைத் தாண்டாதீர்கள்.

10. கடைசி நாள்

ஆழ்கடல் முக்குளித்தல் செய்திருந்தால் விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில், உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக வெளிவரும். ஆகவே முக்குளிப்பைப் பயணத்தின் முதல் நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலணியில் உள்ள மணலைக் கடற்கரைக் குழாயிலேயே கழுவி, காரின் இருக்கையைத் துடைத்து, ஹிராராவில் எரிபொருளை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள். ஷிமோஜியிலிருந்து விமானம் என்றால் நகரிலிருந்து அரை மணி ஆகும். காற்று பலமாக வீசும் காலத்தில் இராபு பாலம் மூடப்படலாம் என்பதால், அந்த அறிவிப்பை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். மூடப்படும் என்று தெரிந்தால் அன்றிரவே பாலத்தைக் கடந்து இராபுவில் தங்கிக்கொள்ளலாம்.